புது ஸ்போர்ட்ஸ் ஆப்புக்குக் காசு கட்டலாமா?

கேள்வி (2025 பிப்ரவரி 16): ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் என்று வந்திருக்கிறதே, அதற்கு வருஷச் சந்தா கட்டலாமா? ஐ.பி.எல். இனிமேல் ஓசியில் கிடையாது என்கிறார்கள். வீட்டில் கேபிள் இருக்கிறது. கடலூர் முதுநகர்.

பிப்ரவரி 17, காலை

வருஷத்துக்குக் கட்டாதீர்கள். மூன்று மாதம் போதும்.

லாரன்ஸ் ரோடு பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த ஆப் வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் விலை எல்லாம் மனப்பாடம். செல்போனில் மட்டும் பார்ப்பதென்றால் மூன்று மாதம் 149, வருஷம் 499. டிவியிலும் பார்க்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு திரை என்றால் 299, 899. நான்கு திரை, 4கே தரம் என்றால் 499, 1,499. இந்தக் கடைசித் திட்டத்தில் விளம்பரமே வராது என்று நம்பி வாங்காதீர்கள். படத்துக்கும் சீரியலுக்கும்தான் அது. நேரலை ஆட்டத்தில் விளம்பரம் வரும்.

சாம்பியன்ஸ் டிராபி கிரிக்கெட் நாளை மறுநாள் தொடங்குகிறது. மார்ச் 22இல் ஐ.பி.எல்., மே 25 வரை. இரண்டும் மூன்று மாதத்தில் அடங்கிவிடும். அதற்கு அப்புறம் ஆப்பைத் திறக்கவே மாட்டோம். எதற்கு 899?

பிப்ரவரி 17, இரவு

149 திட்டத்தை வாங்கி டிவியில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. அது செல்போனோடு சரி. வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பதென்றால் 299தான்.

பழைய ஹாட்ஸ்டார் சந்தா மீதி இருக்கிறவர்கள் பதற வேண்டாம். அது முடியும் தேதி வரை அப்படியே ஓடும்.

இன்னொருவர் கோபமாக, இரண்டு வருஷம் இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது கறக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கோபம் நியாயம். 2022 உலகக் கோப்பை கால்பந்து, 2023, 2024 ஐ.பி.எல். எல்லாமே ஜியோசினிமாவில் காசில்லாமல்தான் பார்த்தோம். ஆனால் ஐந்து வருஷ ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை, டிவியும் இணையமும் சேர்த்து, 48,390 கோடிக்குப் போனது. 410 ஆட்டம் என்று கணக்கு வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. அந்தப் பணத்தை விளம்பரத்தில் மட்டும் எடுக்க முடியாது. என்றைக்காவது நம்மிடம் வந்துதான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 21

நேற்று நாங்களும் 299 கட்டினோம். யாருக்காக என்று சொல்கிறேன்.

என் மாமனாருக்கு 76 வயது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டு, பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. டிவியில் பச்சை தெரியும், பந்து தெரியாது. ஆனால் கிரிக்கெட் வேண்டும். அந்தக் காலத்தில் வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொன்னதைக் கேட்டு ரசித்தவர். அவருக்கு ஆட்டம் என்றால் குரல்தான்.

கேபிளில் தமிழ்ச் சேனல் வருகிறதே, அப்புறம் ஏன் ஆப் என்று கேட்பீர்கள். பெஞ்சல் புயலுக்கு அப்புறம் எங்கள் கூத்தப்பாக்கம் பக்கம் கேபிள் சரியாகவே இல்லை. காற்றடித்தால் போகிறது, மழை பெய்தால் போகிறது, கேபிள்கார அண்ணனும் பாவம், எத்தனை கம்பம்தான் ஏறுவார். பிராட்பேண்ட் பரவாயில்லை. ஆப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிவி பழசு என்பதால் பின்னால் மாட்டும் ஸ்டிக் ஒன்று 3,200 ரூபாய்க்கு வாங்க வேண்டியதாயிற்று. 299 என்று ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

நேற்று பாகிஸ்தான் ஆட்டம். கோலி நூறு அடித்தார். ஆட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நான் சொல்ல வந்தது வேறு.

எதிர் வீட்டில் கேபிள், எங்கள் வீட்டில் ஆப். அவர்கள் கத்தி முடித்து அரை நிமிஷம் கழித்துத்தான் எங்கள் டிவியில் பவுண்டரி போகிறது. என் மகள் எட்டாவது படிக்கிறாள், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை வேகமாக வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இது ஆப்பின் கோளாறு இல்லை, வேலை செய்யும் விதமே அப்படி. நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நம் பெட்டி அதில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டும். சேர்த்து வைக்காவிட்டால் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நின்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

மாமாவுக்கு மட்டும் இது ஒரு குறையாகவே படவில்லை. எதிர் வீட்டுச் சத்தத்தைக் கேட்டே, "இது நாலும்மா, ஆறு இல்லை. ஆறுன்னா சத்தம் முதல்ல மேல போயி நிக்கும்" என்கிறார். அரை நிமிஷம் கழித்து டிவியில் பார்த்தால் நாலு. நேற்று பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு மகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மார்ச் 10

சாம்பியன்ஸ் டிராபியை ஜெயித்துவிட்டோம். இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து 251, நாம் நான்கு விக்கெட்டில் வெற்றி. கடையில் கேசரி கொடுத்தேன்.

டேட்டா எவ்வளவு ஆகும் என்று கேட்டவருக்கு: என் போனில் அளந்தேன். நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். ஒரு டி20 ஆட்டம் முழுக்க நாலு மணி நேரம் போகும். தினம் 1.5 ஜி.பி. பேக் போட்டிருப்பவர்கள் முதல் இன்னிங்ஸ் தாண்ட மாட்டார்கள். தரத்தைக் குறைத்து வைத்தால் தாங்கும், ஆனால் பந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகக்கூடத் தெரியாது.

மார்ச் 19

அவசரக் குறிப்பு. ஜியோ நம்பர் வைத்திருப்பவர்கள் தனியாகச் சந்தா கட்டாதீர்கள். 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தால் 90 நாள் ஆப் இலவசம் என்று சலுகை வந்திருக்கிறது. எப்படியும் ரீசார்ஜ் செய்யத்தான் போகிறீர்கள். மற்ற கம்பெனிகளிலும் ஆப் சேர்ந்த பேக்குகள் இருக்கின்றன. கட்டுவதற்கு முன் உங்கள் ரீசார்ஜ் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு மாதம் முன்னாடி கட்டியது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 12

நேற்று சேப்பாக்கத்தில் சென்னை அடித்தது 103. அதை கொல்கத்தா 10.1 ஓவரில் அடித்துவிட்டது. வரிசையாக ஐந்தாவது தோல்வி, சொந்த மண்ணில் மூன்று. தோனி திரும்பவும் கேப்டன் என்று கடை முழுக்க எதிர்பார்ப்பு இருந்தது. மாமா எட்டாவது ஓவரிலேயே, "நிறுத்திடும்மா, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

"சென்னை இப்படி ஆடினால் காசு வீண்தானே" என்று முதுநகர் நண்பர் எழுதியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. தோற்ற ஆட்டத்தையும் நாலு பேர் சேர்ந்துதான் பார்த்தோம். அவர் என் பேச்சைக் கேட்காமல் பிப்ரவரியிலேயே 899 கட்டிவிட்டாராம். அதற்காகப் பின்னால் வருத்தப்படுவார் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

ஏப்ரல் 20

இது ஆட்டத்தைப் பற்றி இல்லை. ஆனால் தயவுசெய்து படியுங்கள்.

வண்டிப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். பூக்கட்டி விற்கிறவர். கணக்கில் 399 ரூபாய் போயிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, பையன் வெளியூரில் படிக்கிறான் என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். பையன் லீவுக்கு வந்தபோது ஏதோ ஒரு ஆப்பில் ஒரு மாதச் சந்தா போட்டிருக்கிறான். போகும்போது ஆப்பை அழித்துவிட்டுப் போய்விட்டான். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யு.பி.ஐ. ஆட்டோ பே ஒப்புதல் அப்படியே இருக்கும், மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

நிறுத்துவது எப்படி என்றால்: பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து, உங்கள் கணக்குப் பக்கத்தில் ஆட்டோ பே என்று தேடுங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டாததை ரத்து செய்யுங்கள், பின் நம்பர் கேட்கும், முடிந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அம்மாவுக்கும் வந்திருந்தது. ஆங்கிலத்தில். அவர் எப்படிப் படிப்பார்? மூன்று மாதத்தில் 1,197 ரூபாய். அவர் கையில் மல்லிகை நார் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை உரித்துக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு நாள் பூ விற்ற காசு என்றார்.

சந்தா வாங்கின அன்றைக்கே ஆட்டோ பேயை ரத்து செய்துவிடுங்கள். கட்டின காலம் வரை ஆப் ஓடும்.

ஏப்ரல் 21

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: அந்தப் பூக்கார அம்மாவுக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

மே 10

ஐ.பி.எல். ஒரு வாரத்துக்கு நிறுத்தம். பாகிஸ்தான் எல்லையில் இருக்கிற நிலைமையில் அதுதான் சரி. ஆட்டம் எங்கே போகப்போகிறது.

மே 21

என் கணக்கு தப்பு.

நேற்றோடு எங்கள் மூன்று மாதம் முடிந்துவிட்டது. பிப்ரவரி 20இல் கட்டினேன், மே 20இல் தீர்ந்தது. ஆட்டம் நிற்காமல் இருந்திருந்தாலும் இறுதி ஆட்டம் மே 25தான். அதாவது பிப்ரவரியிலேயே ஐந்து நாள் உதைத்தது, நான் கவனிக்கவில்லை. இப்போது இறுதி ஆட்டம் ஜூன் 3க்குப் போய்விட்டது. "இரண்டும் மூன்று மாதத்தில் அடங்கிவிடும்" என்று இங்கே எழுதினேன். அதை நம்பி 299 கட்டியவர்கள் என்னைத் திட்டலாம்.

சாம்பியன்ஸ் டிராபியைக் கேபிளில் பார்த்துவிட்டு மார்ச் 22 அன்று கட்டியிருந்தால் ஜூன் 22 வரை ஓடியிருக்கும். மூன்று மாதச் சந்தா வாங்குகிறவர்கள் தொடங்கும் நாளைப் பார்க்காதீர்கள், இறுதி ஆட்டத்தின் தேதியைப் பார்த்துப் பின்னால் எண்ணுங்கள். ஒரு வாரமாவது கூடுதலாக இருக்கட்டும்.

மே 29

திரும்பவும் 299. பிளே ஆஃப் இன்று ஆரம்பம், கேபிள் இரண்டு நாளாக இல்லை.

ஜூன் 4

பெங்களூருக்கு 18 வருஷம் காத்திருந்து முதல் ஐ.பி.எல். கோப்பை. ஆறு ரன் வித்தியாசம். புதுச்சேரி வில்லியனூரில் இருக்கும் என் கொழுந்தனார் பெங்களூரு ரசிகர். அவரும் எங்கள் சந்தாவில்தான் பார்க்கிறார். இரண்டு திரைக் கணக்கு எங்கே உதைக்கும் என்றால், இங்கே டிவி, அங்கே டிவி, நடுவில் என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் போனைத் திறப்பார். மூன்றாவது திரை, யாராவது ஒருவருக்கு நிற்கும். நேற்று கடைசி ஓவரில் நின்றது வில்லியனூரில். போன் போட்டு, "அண்ணி, அண்ணனை வெளிய வரச் சொல்லுங்க" என்று அலறினார்.

ஜூன் 5

விளையாட்டு என்றால் கிரிக்கெட் மட்டும்தானா என்று கேட்டது நல்ல கேள்வி. சதுரங்கத்துக்கு ஒரு பைசா வேண்டாம். போன டிசம்பர் 12 அன்று குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன ஆட்டத்தை யூடியூபில் இலவசமாகவே பார்த்தோம். ஃபார்முலா ஒன் என்றால் ஃபேன்கோடு, அங்கே முழு சீசனுக்கும் வாங்கலாம், ஒரு பந்தயத்துக்கு மட்டும் என்றும் வாங்கலாம். ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து சோனிலிவ். இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஜியோஹாட்ஸ்டார். எல்லாம் வேண்டும் என்கிறவருக்கு மூன்று சந்தா. எங்கள் தெருவில் அப்படி யாருமில்லை.

ஒரு போட்டிக்கு மட்டும் காசு என்ற முறை எல்லா ஆப்பிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. இந்தியா ஆடும் நாலு ஆட்டம் மட்டும் போதும் என்கிறவர்கள்தான் கடைக்கு அதிகம் வருகிறார்கள்.

ஜூன் 25

இங்கிலாந்தோடு முதல் டெஸ்ட், ஹெடிங்லியில் 371 அடிக்க விட்டுவிட்டோம். தூக்கம் வரவில்லை.

இந்தத் தொடரில் ஒரு விசித்திரம். டிவியில் சோனி, ஆப்பில் ஜியோஹாட்ஸ்டார். அதனால் கடையில் ஒரே குழப்பம். "ஸ்டார் சேனல் பேக் போட்டிருக்கேன், வரலையே" என்று ஒருவர், "சோனி ஆப் வாங்கினேன், அதுலயும் வரலையே" என்று ஒருவர். உரிமையை டிவிக்குத் தனியாக, இணையத்துக்குத் தனியாக விற்கலாம். வாங்கினவர் இன்னொரு கம்பெனிக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஆகவே ஆப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு தொடருக்கும் எதில் வருகிறது என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் தேவனாம்பட்டினத்து அண்ணனுக்கு: 2007இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் நேரலையைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அது டி.டி.யின் சொந்த ஃப்ரீ டிஷ்ஷிலும் ஆண்டெனாவிலும்தான் வரும். 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி தனியார் கேபிள் வழியாக அதைக் கொடுக்க முடியாது. அதனால்தான் உங்கள் வீட்டு டி.டி.யில் ஆட்டம் ஓடும்போது கேபிள் வீட்டு டி.டி.யில் வேறு ஏதோ ஓடுகிறது. ஐ.பி.எல். இந்தக் கணக்கில் வராது. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது. இந்தியா ஆடும் பெரிய ஆட்டங்கள் போதும் என்கிற வீட்டுக்கு நான் ஆப்பே சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 5

நேற்று சாயங்காலம் கடையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. கடைசி டெஸ்ட், இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், நமக்கு நாலு விக்கெட். போனை ஜெராக்ஸ் மெஷின் மேல் சாத்தி வைத்தேன். மெஷின் ஓடினால் அதிர்ந்து போன் சரிகிறது. சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்த பெரியவர், "ஓட்டாதம்மா, இருக்கட்டும், நான் நிக்கிறேன்" என்றார். இங்கிலாந்தின் வோக்ஸ் காயம்பட்ட கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பேட்டோடு இறங்கினார். யாரும் பேசவில்லை. சிராஜ் ஸ்டம்பைப் பெயர்த்ததும் அந்தப் பெரியவர் என் மகளைத் தூக்கிவிட்டார். ஆறு ரன்னில் ஜெயித்தோம். தொடர் 2-2. ஐந்து டெஸ்ட்டும் ஐந்தாம் நாள் வரை போனது. 25 நாளும் 299க்குள் அடக்கம்.

பெரியவரிடம் காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 18

பேச்சு பிரான்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது, சரி, அதையும் சொல்கிறேன். வில்லியனூரில் கொழுந்தனார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர் வீடு. பேரன்கள் எல்லாம் பாரிஸில். அவர்கள் சொன்னது: பிரெஞ்சுக் கால்பந்து லீக் நிர்வாகமே இந்த மாதம் லிக் 1 பிளஸ் என்று சொந்தமாக ஓர் ஆப் ஆரம்பித்திருக்கிறது. வாரம் நடக்கும் ஒன்பது ஆட்டத்தில் எட்டு அதில் வரும். மாதம் 14.99 யூரோ. நம் காசில் கிட்டத்தட்ட 1,500 ரூபாய். ஒரு மாதத்துக்கு! அதற்கு முந்தின வருஷம் டாசோன் என்ற கம்பெனியிடம் இருந்தபோது 29.99 யூரோவில் ஆரம்பித்தது, ஜனங்கள் வாங்க மறுத்துவிட்டார்கள், ஒப்பந்தமே முறிந்துவிட்டது. விலையைப் பாதியாக்கின பிறகுதான் அந்த வீட்டுப் பேரன்களே கட்டியிருக்கிறார்கள்.

அங்கேயும் இதே புலம்பல்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விலை அதிகம் என்று கட்டாமல் இருந்தால் அவர்கள் இறங்கித்தான் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 30

இரண்டாவது மூன்று மாதமும் முடிந்தது. நேற்று கபடி ஆரம்பித்திருக்கிறது, தமிழ் தலைவாஸ் ஆட்டம் கேபிளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 29

ஆசியக் கோப்பையும் நமக்கே. திலக் வர்மா 69, அவுட் இல்லை. இது சோனியில். கேபிள்கார அண்ணன் லைனைப் புதுசாக இழுத்துவிட்டார், தமிழ் வர்ணனையோடு தெளிவாக வந்தது. ஆப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எதிர் வீடும் நாங்களும் ஒரே நேரத்தில் கத்தினோம். ரொம்ப நாளைக்கு அப்புறம். மாமாவுக்குத்தான் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. "முன்னாடி சத்தம் வர்றதே இல்லையேம்மா" என்றார்.

கேபிளை வெட்டிவிட்டு ஆப் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மே மாதம் இரண்டு பேருக்குச் சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நாளை மகளிர் உலகக் கோப்பை. மகள் பிடிவாதத்தில் மூன்றாவது 299 கட்டப் போகிறேன்.

அக்டோபர் 31

நேற்று ராத்திரி நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதி. ஆஸ்திரேலியா 338. மகளிர் ஒரு நாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய ஸ்கோரை அதுவரை யாரும் விரட்டி ஜெயித்ததில்லை. ஷபாலி சீக்கிரம் போனார், ஸ்மிருதி 24. என் வீட்டுக்காரர் படுக்கப் போய்விட்டார். ஜெமிமாவும் ஹர்மன்பிரீத்தும் நின்றார்கள். ஜெமிமா 82இல் இருந்தபோது ஒரு கேட்ச், பந்து நேராக மேலே போய் அலிசா ஹீலி கையில் விழுந்து நழுவியது. மகள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹர்மன்பிரீத் 89இல் அவுட். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

டிவி போனது, மோடமும் போனது. என் போனில் 31 சதவீதம் சார்ஜ். மொபைல் டேட்டாவில் போட்டால் படம் நின்று நின்று வருகிறது. தரத்தைக் கீழே இறக்கினேன். உள்ளங்கை அளவு திரை, மாமாவுக்கு அதில் பச்சைகூடத் தெரியாது. சார்ஜ் மிச்சம் பிடிக்க வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தோம். மகள் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தாத்தா, நான் சொல்றேன்" என்றாள்.

திண்ணையில் மூன்று பேர். அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ரன் மட்டும் சொன்னாள். மாமா விடவில்லை. "ஃபீல்டிங் எப்படி நிக்குது, அதச் சொல்லு கண்ணு. பாயிண்ட்ல ஆள் இருக்கா?" அவள் பார்த்துச் சொன்னாள். "எந்தப் பக்கம் அடிச்சா? தரையோடயா, தூக்கியா?" மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. பந்து போடுகிறவர் ஓடி வரும்போதே ஆரம்பித்து, பந்து விழும் இடம் சொல்லி, அடி சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி ரன் சொன்னாள். அப்துல் ஜப்பார் மாதிரியே அந்த இடத்தில் நிறுத்துகிறாள் என்று மாமா என் கையைத் தட்டினார். அவள் அந்த வர்ணனையைக் கேட்டதே இல்லை.

தெரு முழுக்க இருட்டு. எதிர் வீட்டு டிவியும் இல்லை, முந்திக்கொண்டு கத்த யாருமில்லை. எங்களுக்குத் தெரிந்தபோதுதான் தெருவுக்கே தெரிந்தது. எதிர் வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் பையன். அமன்ஜோத் அடித்த நாலில் ஜெயித்தபோது இன்னும் ஒன்பது பந்து மிச்சம், போனில் 6 சதவீதம். ஜெமிமா 127, அவுட் இல்லை. மாமா அழுதார். என் மகள் ஏன் தாத்தா அழுகிறார் என்று என்னைக் கேட்டாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 3

மகளிர் உலகக் கோப்பை நமக்கே வந்துவிட்டது. மழையால் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது, முடிய நள்ளிரவு. காயம்பட்டவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைத்த ஷபாலி 87. தீப்தி ஐந்து விக்கெட். நேற்று கரண்ட் இருந்தது, நெட் இருந்தது, டிவி நன்றாக ஓடியது. மாமா டிவி சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நூறு அடித்து நின்ற தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட்டின் கேட்சை அமன்ஜோத் தட்டுத் தடுமாறிப் பிடித்ததை மகள் சொன்னபோது, "பிடிச்சுட்டாளா இல்லையா, சொல்லித் தொலை" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

இப்போது கணக்கு. பார்த்த நாளையெல்லாம் மாதக் காலண்டரில் பென்சிலால் குறித்து வந்தேன். சாம்பியன்ஸ் டிராபி 6, ஐ.பி.எல். 38, இங்கிலாந்து டெஸ்ட் 14 நாள், மகளிர் உலகக் கோப்பை 8. மொத்தம் 66. மூன்று தடவை 299, ஆக 897 ரூபாய். நாளுக்குப் பதிமூன்றரை ரூபாய். ஸ்டிக்கையும் சேர்த்தால் 4,097, நாளுக்கு 62. பிராட்பேண்ட் எப்படியும் இருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை.

அந்த 897ஐப் பாருங்கள். வருஷச் சந்தா 899. இரண்டு ரூபாய்தான் வித்தியாசம். நான்கு திரைத் திட்டத்திலும் அப்படியே: 499ஐ மூன்றால் பெருக்கினால் 1,497, வருஷத்துக்கு 1,499. மூன்று தடவை கட்டினால் முழு வருஷத்தின் விலை வந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவையோ இரண்டு தடவையோ கட்டுகிற வீட்டுக்கு மூன்று மாதம் லாபம். மூன்றாவது தடவை கட்டுவீர்கள் என்று தோன்றினால் முதலிலேயே வருஷத்துக்குக் கட்டிவிடுங்கள். பிப்ரவரி 17 அன்று நான் எழுதியது எங்கள் வீட்டுக்கே பொருந்தவில்லை.

முதுநகர் நண்பரே, நீங்கள் செய்ததுதான் சரி. ஏப்ரலில் நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஒரு நாளும் தடை இல்லாமல் கபடியும் பார்த்திருப்பீர்கள், இன்னும் மூன்றரை மாதம் மீதி இருக்கிறது உங்களுக்கு.

பூக்கார அம்மாவுக்கு ஒரு மாதப் பணம், 399, ஜூலையில் திரும்பி வந்தது. மற்ற இரண்டு மாதத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 3, இரவு

அடுத்து எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டவருக்கு: எங்களுடையது டிசம்பர் 30இல் முடிகிறது, ஆட்டோ பே கட்டின அன்றைக்கே ரத்து. பிப்ரவரியில் டி20 உலகக் கோப்பை இங்கேயும் இலங்கையிலும், அதைத் தொட்டு ஐ.பி.எல். அப்போது விலை ஏறாமல் இருந்தால் வருஷத்துக்குக் கட்டுவேன். அதுவரை கேபிள்.

மகள் ஒரு நோட்டில் ஃபீல்டிங் நிற்கும் இடங்களையெல்லாம் படம் போட்டுத் தமிழில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஸ்லிப்புக்குத் தமிழில் என்ன என்று தாத்தாவிடம் கேட்டாள். அவர் அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.